ட்ரில்லின் வயர் எங்கே போனது?

போன வருசம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலைக்குப் புத்தக றாக்கை அடிக்க நாங்கள் ஏழு பேர் சேர்ந்தோம். பலகை இருந்தது, புரியாணி இருந்தது, ட்ரில்லும் இருந்தது. எங்களில் ஒருத்தனின் கனடா மாமா ஊருக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன, வயரில்லாத ட்ரில். பற்றரியில் மட்டும் சார்ஜ் இல்லை. சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் செருகினோம். சின்னதாய் ஒரு சத்தம், பிளாஸ்ரிக் எரிந்த மணம், அவ்வளவுதான். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், எங்களுடையது 230. சார்ஜரின் அடியில் அது எழுதியிருந்தது. வாசிகசாலைக்கு வேலை செய்ய வந்த ஏழு பேரில் ஒருத்தரும் அதை வாசிக்கவில்லை.

பின்னேரம் ஊர் ஓடாவி ஐயா எட்டிப் பார்த்தார். எங்கள் முகத்தையும் சார்ஜரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பியவை, வயர் இல்லாத ட்ரில் எண்டு ஆர் சொன்னது? வயர் சார்ஜருக்குள்ள போய் ஒளிச்சிருக்கு, அவ்வளவுதான்."

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். மோட்டர் எங்களுக்குப் பாடமில்லை. ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, ஆருக்காக வந்தது என்று தேடுவது பாடம்தான். ஐயா சொன்ன அந்த வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தோம்.

மின்சார ட்ரில் வீட்டுக்காகப் பிறக்கவில்லை. 1889 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் ஆதர் ஜேம்ஸ் ஆர்னோட், வில்லியம் பிளான்ச் பிரெய்ன் என்ற இருவர் மின்சார ட்ரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது பாறையையும் நிலக்கரியையும் துளைக்க. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒன்றை 1895 இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலிருந்த ஃபைன் நிறுவனம் செய்தது. தூக்கலாம் என்றுதான் பேர். இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சால் அழுத்த வேண்டிய பாரம். கயிறு சுற்றித் துறப்பணம் இழுத்த ஓடாவி ஒருவர் அதைப் பார்த்திருந்தால், துறப்பணமே சுகம் என்று சொல்லியிருப்பார்.

இன்று நாங்கள் பிடிக்கிற வடிவம் 1917 இல் வந்தது. அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரண்டு நண்பர்கள் 1910 இல் ஒரு பட்டறை தொடங்கினார்கள். முதலில் செய்தது பால் போத்தல் மூடிக்கும் இனிப்புப் பண்டத்துக்குமான இயந்திரங்கள். பிறகு ட்ரில்லுக்குக் கைத்துப்பாக்கிப் பிடியும், விரலால் அமுக்குகிற விசையும் வைத்துக் காப்புரிமை எடுத்தார்கள். ஒரு கையால் பிடித்து, அதே கையின் ஒரு விரலால் ஓடவிட்டு நிறுத்தலாம். நூறு வருசத்துக்கு மேலாகியும் அந்த வடிவம் மாறவில்லை. ஆயுதத்தின் பிடி வேலைக் கருவிக்குப் போனது வரலாற்றில் அடிக்கடி நடக்கிற விசயமில்லை. மறுபக்கமாகப் போனதைத்தான் நாங்கள் கூடக் கண்டிருக்கிறோம்.

அடுத்த கட்டம்தான் எங்களுக்கு ஆகப் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் போர்த் தளபாடத் தொழிற்சாலைகளில் ட்ரில்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தொழிலாளர்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இதைக் களவு என்றும் சொல்லலாம், சந்தை ஆய்வு என்றும் சொல்லலாம். பிளாக் அன்ட் டெக்கர் இரண்டாவதைத் தெரிவுசெய்தது. 1946 இல் வீட்டுப் பாவனைக்கென்றே விலை குறைந்த ட்ரில்களைச் சந்தைக்கு விட்டது. வீட்டுப் பட்டறை என்கிற பெரிய வியாபாரத்தின் தொடக்கத்தில் இருப்பது, வேலை முடிந்து போகும்போது ஒரு ட்ரில்லைக் கொண்டுபோன தொழிலாளியின் கை. நிறுவன வரலாறுகள் முதலாளியின் பெயரில்தான் எழுதப்படுகின்றன. இந்தக் கைக்குப் பெயர் இல்லை.

வயரை அறுக்கிற யோசனை 1961 இல் வந்தது. அதே நிறுவனம் நிக்கல் காட்மியம் பற்றரியில் ஓடுகிற ட்ரில்லை விற்பனைக்கு விட்டது. அந்தப் பற்றரி வகை புதிதில்லை. சுவீடனின் வால்டமர் யுங்னர் 1899 இலேயே கண்டுபிடித்தது. புதுமை, அதை ஒரு கைப்பிடிக்குள் அடக்கியதுதான். பலம் மிகக் குறைவு. வயர் போட்ட ட்ரில்லோடு ஒப்பிட்டால் விளையாட்டுச் சாமான் மாதிரி. ஆனால் மின்சாரம் இன்னும் வந்துசேராத கட்டுமான இடத்தில் அந்த விளையாட்டுச் சாமானும் பெரிய உதவி.

இங்கே ஒரு கட்டுக்கதையை உடைத்துவிட்டுப் போகிறோம். வயரில்லாத ட்ரில்லை நாசாதான் கண்டுபிடித்தது என்று யூரியூப்பில் அடிக்கடி சொல்கிறார்கள். இல்லை. நாசாவே அதை மறுத்திருக்கிறது. 1961 இல் ட்ரில் கடைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மார்ட்டின் மரியெற்றா நிறுவனத்தின் வழியாக ஜெமினி, அப்பலோ திட்டங்களுக்கு வேலை செய்யும்படி பிளாக் அன்ட் டெக்கரிடம் கேட்டார்கள். விண்வெளியில் நிறையில்லாமல் மிதக்கிற ஆள் புரியை முறுக்கினால் புரி சுற்றாது, ஆள்தான் சுற்றுவார். அதனால் ஆளைத் திருப்பாத ஒரு முறுக்கி தேவைப்பட்டது. 1971 இல் அப்பலோ 15 இல் போன டேவிட் ஸ்கொட், பற்றரியில் ஓடுகிற ட்ரில்லால் நிலவைத் துளைத்தார். ஏறக்குறைய 2.4 மீற்றர் ஆழத்துக்கு இறக்கிய குழாய் இறுகிக்கொண்டது. அவரும் ஜேம்ஸ் ஏர்வினும் சேர்ந்து தோள் கொடுத்துத்தான் அதை இழுத்தெடுத்தார்கள். கொங்கிறீற்றில் ட்ரில் பிற் இறுகி முழித்த ஆட்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

நிலவுக்குப் போய்வந்தும் வீட்டுக்குள் வயர் உடனே போகவில்லை. 1915 இல் நகோயாவில் மோட்டர் திருத்துகிற கடையாகத் தொடங்கிய ஜப்பானின் மக்கிற்றா, 1978 இல் நிக்கல் காட்மியம் ட்ரில்லை வெளியிட்டது. அதன் பிறகு வோல்ற் ஏறிக்கொண்டே போனது: 9.6, 12, 14.4, 18. இந்த எண்கள் வானத்தில் இருந்து விழவில்லை. ஒரு நிக்கல் காட்மியம் செல் 1.2 வோல்ற் தரும். பத்தை வரிசையில் கோர்த்தால் 12. பதினைந்து கோர்த்தால் 18. பலம் வேண்டுமென்றால் கையில் பாரம் கூடும். அந்தக் கால 18 வோல்ற் ட்ரில்லைத் தலைக்கு மேலே பிடித்து வேலை செய்தவர்களின் தோளைக் கேட்டால் மிச்சக் கதையைச் சொல்லும்.

1992 இல் டிவோல்ற் என்ற பழைய பெயர் மஞ்சள் நிறத்தோடு திரும்ப வந்தது. அமெரிக்காவின் வேலைத்தளங்களில் பற்றரி ட்ரில் சாதாரணமாகிக்கொண்டிருந்தது. அதே 1992 இல் யாழ்ப்பாணத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வந்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளும் இருந்தது, ரோச் லைற்றுக்குப் போடுகிற செல்லும் இருந்தது. குடாநாட்டுக்கு மின்சாரமும் நின்றுபோனது. அம்மா சொல்லுவா: சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டவையாம். சுத்துகிற ஆள் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். இரவில் ஜாம் போத்தல் விளக்குத்தான் படிப்புக்கு. உலகம் வயரை அறுத்துக்கொண்டிருந்த அதே வருசங்களில் எங்கட ஆக்கள் வயரைத் தேடித் தேடிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பற்றரி எல்லோருக்கும் ஒரே காலத்தில் வருவதில்லை. அதை ஆர் தரலாம், ஆர் நிறுத்தலாம் என்பதும் பற்றரியின் வரலாறுதான். ட்ரில்லைப் பற்றித் தேடப்போய் இங்கே வந்து நிற்போம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

லித்தியம் அயன் பற்றரியை 1991 இல் சொனி நிறுவனம் கமராவுக்காகச் சந்தைப்படுத்தியது. அதற்கு வழிசெய்த குடினாஃப், விற்றிங்ஹாம், யொஷினோ மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கருவிகளுக்கு அது வரச் சுணங்கியது. 2003 இல் பொஷ் ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவரில் போட்டது. 2005 இல் மில்வோக்கியும் மக்கிற்றாவும் பெரிய கருவிகளில் போட்டன. இந்தச் செல் ஒன்று 3.6 வோல்ற். 18 வோல்ற்றுக்கு ஐந்து செல் போதும், முன்பு பதினைந்து வேண்டியிருந்த இடத்தில். பெண்கள் உட்பட எவரும் தோள் நோகாமல் பிடிக்கிற கருவியாக ட்ரில் மாறியது இந்தக் கணக்கால்தான். எங்கள் ஏழு பேரில் நேராகத் துளை போட்டது இரண்டு தோழிகள் மட்டுமே என்பதையும் பதிவுசெய்கிறோம். காட்மியம் நஞ்சு, ஐரோப்பிய ஒன்றியம் 2016 முடிவோடு கருவிகளிலும் அதை நிறுத்தியது.

இனி ஐயா சொன்ன வயருக்கு வருவோம். முன்பு எந்த ட்ரில்லை வாங்கினாலும் அது சுவரில் இருக்கிற அதே பிளக்கில் வேலை செய்யும். இன்று ஒவ்வொரு நிறுவனத்தின் பற்றரிக்கும் வேறு வேறு வடிவம். உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே மாதிரியான செல்தான், வெளிக்கோதுதான் பூட்டு. ஒரு நிறுவனத்தின் ட்ரில்லையும் பற்றரியையும் வாங்கினால், அடுத்து வாளும் கிரைண்டரும் அதே நிறுவனத்தில்தான் வாங்குவீர்கள். பற்றரி இல்லாத வெறுங்கருவியை மலிவாக விற்பதும் அதற்காகத்தான். சில நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரே பற்றரியைப் பகிர்கின்றன. பெரிய போட்டியாளர்கள் கதவைத் திறக்கவில்லை. சுவரில் இருந்த வயர் போய், கடையில் ஒரு வயர் வந்திருக்கிறது.

ஆகவே வாங்கப் போகும்போது ட்ரில்லைப் பார்க்க முதல் பற்றரியைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கடையில் அதே பற்றரி தனியாகக் கிடைக்குமா? சார்ஜர் 230 வோல்ற்றா? (இந்தக் கேள்வியை நாங்கள் விலை கொடுத்துப் படித்தோம்.) பெட்டியில் 20 வோல்ற் மக்ஸ் என்று இருந்தால் மயங்க வேண்டாம். முழுச் சார்ஜில் ஒரு செல் 4 வோல்ற்றைத் தாண்டும், ஐந்து செல்லுக்கு 20. வேலை செய்யும்போது அது அதே 18 தான். வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால்தான் உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று தெரியும். 18 வோல்ற், 2 அம்பியர் மணி என்றால் 36 வாற் மணி. 5 அம்பியர் மணி என்றால் 90. றாக்கை, கதிரை, கதவுப் பிணைச்சல் மட்டும் என்றால் 12 வோல்ற் வகையே போதும், கைக்கும் லேசு. சுவரில் துளை போடுவதென்றால் சுத்தியல் அடி உள்ள 18 வேண்டும். தூணும் பீமும் என்றால் எங்கள் அபிப்பிராயம், வயர் போட்ட ட்ரில்லை வாடகைக்கு எடுங்கள். காசு மிச்சம்.

பாவிக்கும்போது நாங்கள் விட்ட பிழைகளும் உண்டு. முதிரைப் பலகையில் முன்துளை போடாமல் புரியாணியை நேரே இறக்கினோம். ஆணியின் தலை முறிந்தது. ட்ரில்லின் கழுத்தில் உள்ள எண் வளையம் அழகுக்கில்லை, முறுக்கு எந்த அளவில் நிற்க வேண்டுமென்று சொல்வது அதுதான். சின்ன எண்ணில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். புரிக்கு மெதுவான கியர், துளைக்கு வேகமான கியர். சின்னத் துண்டைக் கையால் பிடிக்காமல் கவ்வியில் இறுக்குங்கள். பிற் இறுகினால் துண்டு சுழன்று விரலைத்தான் தேடும். கண்ணுக்குக் கண்ணாடி. வேலை முடிந்து சூடாக இருக்கிற பற்றரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். எங்கட வெயிலில் சைக்கிள் கரியரில் கட்டிவைப்பதும் அதைக் கொல்லுகிற வழிதான்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது ஐயா என்ன செய்தார் என்று கேட்டோம். ஜெனரேற்றர் இருந்தது, அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. பற்றரி ட்ரில் வைத்திருந்த பொடியன் ஒருத்தனும் பாவம், சார்ஜ் போட இரவு கரண்ட் வரும்வரை முழித்திருந்தானாம். "நான் வாளையும் உளியையும் எடுத்தன். அதுகளுக்கு ஒருத்தரும் தடை போடேல்லத்தானே" என்றார்.

கொழும்பில் படிக்கிற நண்பி ஒருத்தி 230 வோல்ற் சார்ஜர் ஒன்றைத் தேடிப் பிடித்து பஸ்ஸில் அனுப்பினாள். இரண்டு பற்றரியில் ஒன்று ஏற்கெனவே செத்திருந்தது. மற்றதை வைத்து இரண்டு றாக்கை முடித்தோம். மூன்றாவதில் பாதியில் நின்றுவிட்டது. சார்ஜரில் பச்சை விளக்கு வரும்வரை நாங்கள் சுற்றிவர இருந்தோம். ஐயா தன் மரப்பிடி ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, மிச்சமிருந்த ஆணிகளை ஒன்றொன்றாக இறுக்கத் தொடங்கினார்.