பெயரில்லாப் பருவம்

பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுத்தனர் நம் முன்னோர். உலா இலக்கியம் பாடிய புலவர்கள் ஐந்து வயதுப் பேதையிலே தொடங்கி, நாற்பது வயதுப் பேரிளம்பெண்ணோடு எண்ணிக்கையை முடித்துக் கொண்டனர். நாற்பதுக்கு அப்பாற்பட்ட பெண் எந்தப் பருவத்தினள் என்பதற்கு அந்த வரிசையிலே விடை இல்லை. பெண்ணின் உடலிலே மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்று நிகழத் தொடங்குவதோ அந்த வயதுக்குப் பின்னரே ஆகும்.

இலக்கியத்திற் கண்ட இந்த இடைவெளி வாழ்க்கையிலும் உண்டு. யாழ்ப்பாணத்திலே பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறோம், தண்ணீர் வார்க்கிறோம், பந்தலிட்டுச் சாமத்தியச் சடங்கு செய்கிறோம். மாதவிடாய் தொடங்கிய செய்தி ஊரறிந்த செய்தியாகிறது. அதே மாதவிடாய் நிற்கும் காலத்தை வீட்டில் உள்ளவர்களும் அறிவதில்லை. தாய் மகளுக்குச் சொல்வதில்லை. மனைவி கணவனுக்குச் சொல்வதில்லை. தனக்கு நிகழ்வது யாதென அப்பெண்ணே பல வேளைகளில் அறிவதில்லை. இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று.

முதலில் நிகழ்வது யாது என்பதைச் சுருங்கக் காண்போம். பெண்குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் முட்டைகளின் இருப்பு அமைந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் குறைந்து வரும் அவ்விருப்பு நாற்பதுகளில் அருகிவிடுகிறது. அப்போது ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் சீராகச் சுரப்பதில்லை. ஒரு மாதம் மிகும், மறுமாதம் குறையும். மாதவிடாய் ஒழுங்கு தவறும் இந்த இடைக்காலம் சில ஆண்டுகள் நீடிக்கலாம். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தாலே அது நின்றுவிட்டது என வைத்தியர் கொள்வர். பெரும்பாலும் இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழும். திடீரென உடல் கொதித்து வியர்த்தல், உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, மறதி, காரணமில்லாத கோபம், மூட்டு நோவு ஆகியன இக்காலத்திற் பலருக்குத் தோன்றும். சிலருக்கு யாதொரு தொல்லையும் இராது.

இவ்வுண்மையைப் பண்டையோர் அறியாதவரல்லர். பன்னிரண்டாம் வயதிலே தொடங்கும் மாதவிடாய், உடல் மூப்படையும் ஐம்பதாம் வயதிலே ஒடுங்கும் எனச் சுசுருத சங்கிதை கூறுகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பெரும்பாலான பெண்களுக்கு நாற்பதாம் வயதளவிலும் சிலருக்கு ஐம்பது வரையிலும் சென்று அது நிற்கும் என எழுதினார். இவர்கள் வயதைக் குறித்தனர். அவ்வயதிலே பெண் படும் பாட்டை அவளிடம் கேட்டறிந்து விரித்துரைத்தாரல்லர். அக்காலத்துக்கெனத் தனிப் பெயரும் மேனாட்டு மருத்துவத்திலே நெடுங்காலம் இருக்கவில்லை. பிரான்சு தேசத்து வைத்தியர் கார்தான் என்பவரே மாதத்தையும் முடிவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'மெனோபோஸ்' என்னும் சொல்லை ஆக்கினார். 1821ஆம் ஆண்டிலே அவருடைய நூல் அச்சொல்லைத் தலைப்பிலே தாங்கி வெளிவந்தது.

பெயர் கிடைத்ததும் மௌனம் கலைந்துவிடவில்லை. பேசியவர்கள் வைத்தியர்கள், பேசப்பட்டவர்கள் பெண்கள். இலண்டன் வைத்தியர் எட்வேட் ரில்ற் 1857இல் இப்பருவமாற்றம் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். நோயாளரிடம் விசாரித்து விவரங்களை எண்ணிக்கையாகத் தொகுத்தமை அவர் பெருமை; அபினி முதலிய மயக்க மருந்துகளைப் பரிகாரமாகக் கூறியமை அக்காலத்தின் குறை. நம் நாட்டு வரலாற்றிலும் அதே 1857 நினைக்கத்தக்கது. மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலே 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலை வெளியிட்ட ஆண்டு அது. பிள்ளைப்பேறு பற்றிய மேனாட்டு அறிவு அத்துணை விரைவிலே தமிழுக்கு வந்தது. பேற்றுக் காலம் கடந்த பெண்ணைப் பற்றிப் பேச நம்மவர்க்குப் பின்னும் நெடுங்காலம் சென்றது.

இதனிடையே ஐரோப்பாவிலே மற்றொரு தீங்கு நேர்ந்தது. இவ்வயதிலே பெண்ணுக்கு வரும் மனத்துயரை ஒரு தனி மனநோயாகவே வகுத்தனர். ஜேர்மானிய மனநோய் மருத்துவர் எமில் கிரெப்பலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடல் ஒடுங்கும் பருவத்துக்குரிய மனச்சோர்வு என ஒன்றை விவரித்தார். அவரே பின்னர் அக்கருத்திலிருந்து விலகினார். ஆனால் பெயர் விலகவில்லை. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலிலிருந்து அது 1980இலேதான் நீக்கப்பட்டது. உறக்கமின்றித் தவித்த பெண்ணைச் சித்தம் பேதலித்தவள் எனக் கொண்ட வழக்கத்துக்குப் பட்டியலும் துணை நின்றது. அத்தகைய பெயர் சூட்டப்படும் என்ற அச்சமே பெண்களின் வாயை மேலும் அடைத்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டு வேறொரு வாயிலைத் திறந்தது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே எட்வேட் டொய்சியும் ஜேர்மனியிலே அடோல்ப் பூட்டெனான்றும் ஈஸ்திரஜன் வகையொன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1942இல் சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து 'பிரீமரின்' என்னும் பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கொதிப்பினால் வாடிய பெண்களுக்கு அது மெய்யான ஆறுதலளித்தது. ஆனால் 1966இல் நியூயோர்க் வைத்தியர் றொபேட் வில்சன் எழுதிய நூலொன்று, இப்பருவமே ஒரு குறைநோய் என்றும், மாத்திரை உட்கொண்டாற் பெண் என்றும் இளமையோடிருக்கலாம் என்றும் பறைசாற்றியது. அவருக்கு மருந்துக் கம்பனியின் பணம் சென்றமை பின்னாளிலே வெளியாயிற்று. மௌனத்தின் இடத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டது; பெண்ணின் குரல் அப்போதும் எழவில்லை.

விளம்பரத்தின் விலை 1975இல் வெளிப்பட்டது. ஈஸ்திரஜனைத் தனியே உட்கொண்டவரிடையே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மிகுந்திருந்ததை அவ்வாண்டின் இரு ஆய்வுகள் காட்டின. கருப்பையுள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்தரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறை அதன்பின் வேரூன்றியது. அம்முறையைச் சோதிக்க அமெரிக்காவிலே 16,608 பெண்களைக் கொண்டு நடத்திய பேராய்வு, 2002 ஜூலையில் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் மிகுந்தது எனப் பத்திரிகைகள் எழுதின. உலகெங்கும் பெண்கள் மருந்தை வீசினர். வைத்தியரும் எழுதிக்கொடுக்க அஞ்சினர்.

அந்த 26 சதவீதம் எதைக் குறித்தது என்பதைப் பலர் விசாரிக்கவில்லை. ஓராண்டிலே பத்தாயிரம் பெண்களுக்கு 30 பேருக்கு வந்த நோய் 38 பேருக்கு வந்தது என்பதே அதன் பொருள். எண்மர் என்பது சிறு தொகையன்று. ஆயினும் செய்தி எழுப்பிய அச்சத்துக்கு அது ஒப்பாகாது. அன்றியும், ஆய்விற் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று நெடுங்காலம் சென்றவர்களே அவர்களுட் பெரும்பாலோர். அறுபது வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு செல்லாத, வேறு நோயற்ற பெண்களுக்குக் கடும் தொல்லையிருப்பின் மருந்தின் நன்மை தீமையினும் மிகும் என்பது இன்று மருத்துவச் சங்கங்களின் கருத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கும், இரத்தக்கட்டி, பாரிசவாதம் கண்டவர்க்கும் அது பொதுவாகப் பொருந்தாது. ஆகவே இது வைத்தியரும் பெண்ணும் ஒன்றாயிருந்து நிறுத்துப் பார்க்க வேண்டிய காரியமாகும். இவ்விடயத்தில் மௌனம் கேடு, ஆரவாரமும் கேடு.

எல்லா நாட்டுப் பெண்களும் ஒரே விதமாக இப்பருவத்தைக் கடப்பதுமில்லை. மானிடவியல் அறிஞர் மார்கரெட் லொக் யப்பானிலே ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூலிலே, அங்குள்ள பெண்கள் உடற்கொதிப்பை வட அமெரிக்கப் பெண்களைவிடக் குறைவாகவே கூறினர் எனக் காட்டினார். 'கோனென்கி' என்னும் யப்பானியச் சொல் மாதவிடாய் நிற்றலை மட்டுமன்றி, நடுவயதின் நீண்ட திருப்பம் முழுவதையும் குறிப்பதாகும். அமெரிக்காவிலே பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வொன்று, அடிக்கடி கொதிப்புற்றோரிடையே அது நீடித்த இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள் என 2015இல் அறிவித்தது. சில மாதங்களிற் போய்விடும், பொறுத்துக்கொள் என்று கூறும் முதியோர் சொல் எல்லோர்க்கும் பொருந்தாது என்பதை இவ்வெண் உணர்த்துகிறது.

மௌனம் கலையத் தொடங்கியமை அண்மைக் காலத்திலேதான். 1978இல் இதற்கெனச் சர்வதேசச் சங்கமொன்று நிறுவப்பட்டது; ஒக்டோபர் 18ஆம் நாள் உலக தினமாக அனுட்டிக்கப்படுகிறது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மகளிர் சமத்துவக் குழு, வேலைத்தலங்களிலே இப்பருவத்துப் பெண்கள் படும் இடர் குறித்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. விசேட விடுமுறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்ற அதன் யோசனையை அரசாங்கம் 2023இல் ஏற்க மறுத்தது. மறுப்பினும், பெயர் சொல்லக் கூசிய பொருள் சட்டசபையிலே வாதப்பொருளாயிற்று என்பது சிறிய மாற்றமன்று.

நம் நாட்டிலே 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பக, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றை முன்கூட்டியே அறியப் பரிசோதனை அங்கு நடைபெறும். நோயில்லாதபோது வைத்தியரிடம் செல்வதேன் என எண்ணி, அவ்வாயிலைத் தாண்டாத தாய்மார் இன்னும் உளர். அவர்கள் மூன்று செய்திகளையேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஈஸ்திரஜன் குறைந்தபின் என்புகள் விரைந்து தேயும். ஆதலின் நடையும் நல்லுணவும் இன்றியமையாதன. மாதவிடாய் நின்று ஓராண்டு சென்றபின் இரத்தம் படுமாயின், அது சிறிதேயாயினும் தாமதியாது வைத்தியரைக் காணல் வேண்டும். உறக்கமும் மனமும் குலைவது பலவீனத்தின் குற்றமன்று, பரிகாரம் உண்டு.

வீட்டிலுள்ள ஆடவர்க்கும் இதிற் பங்குண்டு. நாற்பத்தெட்டு வயது மனைவி நள்ளிரவிலே எழுந்து யன்னலைத் திறந்தால், குளிர்கிறது, சாத்து என்று கடிவதற்கு முன் காரணத்தைக் கேட்கலாம். சாமத்தியச் சடங்குக்கு ஊரைக் கூட்டிய நாம் இதற்கும் ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. தாய் தன் மகளிடம், எனக்கு இந்த வயதிலே இவ்வாறிருந்தது என ஒரு மாலைப்பொழுதிலே அமர்ந்து சொன்னாற் போதும். புலவர்கள் நாற்பதோடு நிறுத்திய எண்ணிக்கை அன்று முதல் மேலே தொடரும்.