சில்லில் இல்லாத வெளிச்சம்

பேக்-மேன் அகலத் திரைக்காகச் செய்த விளையாட்டு அல்ல. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் அதை வெளியிட்டபோது, படக்குழாயை 90 பாகை திருப்பி நெட்டுக்குத்தாகப் பெட்டிக்குள் பொருத்தியது. அகலம் 224 புள்ளி, உயரம் 288 புள்ளி. இன்று மடிக்கணினியில் எமுலேட்டர் வழியாக அதைத் திறந்து, ‘திரையை முழுக்க நிரப்பு’ என்ற ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும், பேய்களெல்லாம் தோசை மாதிரி பரந்துபோய்விடும். சரி, டிக்கை எடுத்துவிடலாம். உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எமுலேட்டர் என்பது பழைய இயந்திரத்தின் மின்சுற்றைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். ஆர்கேட் விளையாட்டுகளுக்கு அதில் பெரியது ‘மேம்’. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரி 5 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார். மேமுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பெட்டிகள் துருப்பிடித்து அழிவதற்குள் அவற்றின் ரோம் சில்லுகளில் இருப்பதை ஒரு பைட் விடாமல் நகலெடுத்து, அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பதை ஆவணமாக்குவதே அதன் நோக்கம். விளையாட முடிவது பக்க விளைவு என்றே அதை உருவாக்கியவர்கள் சொல்வார்கள்.

ஆனால் சில்லில் இருந்தது விளையாட்டின் பாதிதான். 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் இயந்திரங்களில் கறுப்பு வெள்ளைத் திரைதான். பச்சையும் சிவப்பும் தெரிந்தது திரைமீது ஒட்டிய வண்ணத் தாள்களால். நிறம் நிரலிலேயே இல்லை! சில்லை எவ்வளவு சுத்தமாக நகலெடுத்தாலும் அந்தப் பச்சை வராது, அதைத் தனியாக வரைந்துதான் சேர்க்க வேண்டும். படக்குழாயை நகலெடுத்துக் கோப்பாகச் சேமிக்க வழியில்லாததால், மீதிப் பாதி முழுக்க ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ என்ற பட்டியலில் வந்து விழுந்தது. அதாவது, நம் தலையில்.

1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ எடுத்துக்கொள்வோம். கேப்காமின் வன்பொருள் அனுப்பிய படம் 384 x 224. விகிதம் போட்டால் 12:7. ஆனால் அன்றைய திரை 4:3. அப்படியென்றால் ஒவ்வொரு புள்ளியும் சதுரம் அல்ல; ஒல்லியாக, கொஞ்சம் உயரமாக இருந்தது. இன்றைய திரையின் புள்ளியோ சதுரம். ‘பிக்செல் பெர்ஃபெக்ட்’ என்று பெருமையாக ஒரு தேர்வு இருக்கிறது. கணக்குப்படி அது சுத்தம், பார்வைக்கு அது பொய். தொண்ணூறுகளில் பழைய கிள்ளான் சாலைப் பக்கக் கடைகளில் டோக்கன் போட்டு ஆடிய என் மாமாவிடம் அதைக் காட்டினேன். “என்னடா, ரியூ மூணு வேளையும் சோறு தின்னு உப்பிப் போன மாதிரி நிக்கிறான்?” என்றார். 4:3க்கு மாற்றியதும், “ஆங், இப்பதான் ஆளு” என்றார். விகிதம் பற்றியெல்லாம் அவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது உயரம். என் திரையில் 1080 வரிகள். அதை 224ஆல் வகுத்தால் 4.82. நான்கு மடங்காகப் பெருக்கினால் 896 வரிகள், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. முழுதாக இழுத்தால் சில வரி நான்காகவும் சில வரி ஐந்தாகவும் தடிக்கும். பின்னணி நகரும்போது படம் நெளியும்.

எல்லாவற்றையும்விட மோசம் வேகம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நொடிக்கு ஏறக்குறைய 59.63 முறை படத்தைப் புதுப்பிக்கும். என் திரை 60 முறை. ஆக, மூன்று நொடிக்குள் ஒரு படமாவது இரண்டு தடவை காட்டப்படும், லேசாக ஒரு திக்கல். 1992இல் வந்த மார்ட்டல் கோம்பாட்டின் வேகம் சுமார் 54.7. நொடிக்கு ஐந்து திக்கல். திக்கலை ஒழிக்க விளையாட்டைத் திரையின் வேகத்துக்கு இழுத்தால் எல்லாமே பத்து விழுக்காடு அவசரமாக ஓடும். ‘வெயிட் விசிங்க்’கை அணைத்தால் படம் நடுவில் கிழியும். போட்டால் பொத்தானை அழுத்துவதற்கும் உதை விழுவதற்கும் நடுவில் தாமதம். வேகத்தை மாற்றிக்கொள்ளும் புதுத் திரைகள் வந்துவிட்டன, அவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. என்னிடம் இருப்பது அது இல்லையே.

இந்த நிலை தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் எழுத்தில் தெரியாது. எழுதியவருக்கும் படித்தவருக்கும் அது இயல்பாகத் தெரிந்திருந்தது. ஓலைக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. அச்சுக்குக் கொண்டுபோகும்போது பதிப்பாசிரியர் ஒவ்வொரு எழுத்துக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டே வேலை செய்தார். தம் பதிப்புகளில் பிரதிபேதங்களையும் குறித்துவைத்தார். டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பட்டியலின் முன் உட்கார்ந்திருப்பவர் ஒரு குட்டிப் பதிப்பாசிரியர். என்ன, பிரதிபேதம் எழுதும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

எழுத வேண்டிய காரணம் ஊரிலேயே இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் மலேசிய அரசு வீடியோ கேம் கடைகளை மூட முடிவெடுத்தது. சூதாட்டத்துக்கு அவை மறைப்பாக இருக்கின்றன என்பது முக்கியமான குற்றச்சாட்டு. நான் அப்போது பாலர் பள்ளிக்கும் போகாத பொடியன். கம்போங் மேடான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2001 மார்ச் கலவரமும் பறிபோன ஆறு உயிர்களும்தான் நினைவுக்கு வரும். வரவேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய சாதாரண நாட்களில் இந்தப் பக்கத்துப் பையன்கள் எங்கே கூடினார்கள், எந்த வெளிச்சத்தில் அவர்கள் முகம் தெரிந்தது என்று எழுதிய ஒரு பக்கத்தைக்கூட நான் படித்ததில்லை.

படக்குழாயில் வரிகளுக்கு நடுவே தெரிந்த கருங்கோடுகளைப் போலச் செய்துகாட்ட எத்தனையோ ஃபில்டர்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு மாமாவிடம் கேட்டேன், இப்படியா இருந்தது என்று. “கோடா? அதெல்லாம் யாரு பாத்தா? கண்ணாடியில கீறல்தான் தெரியும். பின்னாடி நிக்கிறவன் மூஞ்சி தெரியும்” என்றார். எந்த ஃபில்டரிலும் அது இல்லை.

மேமில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி ஐஎன்ஐ கோப்பு வைத்துக்கொள்ளலாம். முன்னால் ஒரு ‘#’ போட்டு எழுதும் வரியை மென்பொருள் படிக்காது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் கோப்பில் 4:3 என்ற அமைப்புக்கு மேலே இப்போது இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறேன்: கோடு நினைவில் இல்லை, கண்ணாடியில் பின்னால் நிற்பவன் முகம் தெரியும் – மாமா, பழைய கிள்ளான் சாலை.