அடுக்களையும் வரலாறும்



வரலாறு என்றவுடன் அரசர் பெயர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளும் அவற்றின் ஆண்டுகளுமே உங்கள் நினைவுக்கு வருகின்றன. பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் ஆதலின், அவற்றைக் குறைத்துக் கூற நான் எண்ணவில்லை. ஆயினும் ஒரு நாட்டின் வரலாறு அரண்மனையில் மட்டும் நிகழ்வதன்று. ஒவ்வொரு வீட்டின் அடுக்களையிலும் அது நாள்தோறும் நிகழ்ந்து வருகிறது. "இன்று இரவுக்குப் புதிதாக ஒன்று செய்து பார்ப்போம்" என்று ஒரு தாய் எண்ணுகிறாள் அல்லவா? அந்தத் துணிவுக்கும் வரலாற்றில் இடம் உண்டு. தமிழர் இல்லங்களில் புதிய உணவு எவ்வாறு நுழைந்தது, எவ்வாறு நிலைபெற்றது, அதற்காக உழைத்தவர் யாவர் என்பவற்றை இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

முதலில் எளிய வினா ஒன்று. இன்று இரவு உங்கள் வீட்டில் தக்காளி இரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை எக்காலத்து உணவுகள்? "பாட்டி காலத்திலிருந்தே உண்டு" என்பீர்கள். பாட்டியின் பாட்டி காலத்துக்கு முன்னும் உண்டா? இவ்வினாவுக்கு விடை தரக் கல்வெட்டுகள் உதவுகின்றன. முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், திருவமுதுக்கு வேண்டிய பொருள்கள் அளவோடு குறிக்கப்பெற்றுள்ளன. அரிசி, பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், புளி, நெய், தயிர், சர்க்கரை, வாழைப்பழம் ஆகியவற்றை அங்கே காண்கிறோம். மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. இருந்திருக்கவும் இயலாது. அம்மூன்றும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. கொலம்பசு 1492-இல் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்த பின்னரே அவை உலகின் பிற பகுதிகளுக்குப் பரவின. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து வந்த போர்த்துக்கீசியர் வழியாக, பதினாறாம் நூற்றாண்டில் மிளகாய் நம் நாட்டை அடைந்தது. ஆகவே இராசராச சோழன் தன் வாழ்நாளில் ஒரு மிளகாயையேனும் கண்டதில்லை என்று நாம் உறுதியாகக் கூறலாம்.

கல்வெட்டு இல்லாத இடத்தில் சொல்லே சான்றாக நிற்கும். சங்க நூல்களில் 'கறி' என்னும் சொல் மிளகைக் குறித்தது. உறைப்புக்கு நம் முன்னோர் நம்பியிருந்த பொருள் மிளகு. புதிதாக வந்த காய் மிளகைப் போல் உறைத்ததால் அதனை 'மிளகாய்' என்றனர். பழைய பொருளின் பெயரையே புதிய பொருளுக்கு ஏற்றிவிட்டனர். ஐரோப்பியரைப் 'பறங்கியர்' என்று வழங்கிய நாளில், அவர் வழியாக வந்த காய் 'பறங்கிக்காய்' ஆயிற்று. தென் அமெரிக்காவில் தோன்றிய நிலக்கடலையை வட மாவட்டத்தார் 'மணிலாக்கொட்டை' என்பர். பேச்சு வழக்கில் அது 'மல்லாட்டை' எனத் திரிந்தது. பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகரம் அப்பெயருக்குள் இன்றும் இருக்கிறது. 'சீமைக் கத்தரிக்காய்' என்னும்பொழுது, வெளியிலிருந்து வந்தது என்பதை அடைமொழியே சொல்லிவிடுகிறது. சந்தைக்குச் செல்லும்பொழுது காய்கறிகளின் பெயர்களைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். அது ஒரு வரலாற்றுப் பாடமாகவே அமையும்.

சடங்குகளும் சான்று தருகின்றன. பல குடும்பங்களில் முன்னோர்க்குச் செய்யும் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகே சேர்ப்பர். உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோசு முதலியவற்றை ஒதுக்கி, வாழைக்காய், சேனை, பாகற்காய் போன்றவற்றையே சமைப்பர். முன்னோர் உண்டறியாத பொருளை அவர்க்குப் படைத்தல் ஆகாது என்னும் எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. எனவே அந்த இலை, மிளகாய் வருமுன் நம் நாட்டில் இருந்த உணவின் சாயலை இன்றும் காட்டுகிறது.

ஆனால் பொங்கல் திருநாளைப் பாருங்கள். அன்று பறங்கிக்காய்க் கூட்டும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இல்லாத வீடுகள் குறைவு. சில ஊர்களில் பறங்கி இலையிலேயே கதிரவனுக்குப் பொங்கல் படைப்பர். இவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே! ஒருபுறம் புதியது என்று ஒதுக்கப்பட்டது. மற்றொருபுறம் தமிழர் திருநாளின் தலைவாசல் வழியாகவே உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. 'பழைமை' என்று நாம் போற்றுவதில் ஒரு பகுதி, என்றோ ஒரு நாள் புதுமையாக இருந்து நிலைத்துவிட்டதே என்பதை இதனால் அறிகிறோம். நம் புளியும் இதற்கு விலக்கன்று. அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்பர் தாவர நூலார். மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து வேரூன்றியதால், அரபியர் அதனை 'இந்தியப் பேரீச்சை' என்றே பெயரிட்டு அழைத்தனர்.

மலைக் காய்கறிகளின் வரலாறு நமக்கு இன்னும் அண்மையது. கோயம்புத்தூர் ஆட்சித் தலைவராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்குச் சென்றார். பின்னர் உதகையில் தங்கி, ஐரோப்பியக் காய்கறிகளையும் உருளைக்கிழங்கையும் பயிரிடச் செய்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைமேல் சென்ற இருப்புப்பாதை 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. போக்குவரத்துப் பெருகப் பெருக, மலையில் விளைந்தவை சமவெளிச் சந்தைகளிலும் குவிந்தன. ஆயினும் சந்தைக்கு வந்துவிட்டால் போதுமா? சட்டிக்கு வரவேண்டுமே! விளைவித்தவரின் பெயரையும் இருப்புப்பாதை இட்ட ஆண்டையும் ஏடுகள் சொல்கின்றன. முட்டைக்கோசை முதன்முதலில் அரிந்து, பயற்றம்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியலாக்கிய பெண்மணியின் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை.

அவள் செய்த வேலை சிறிதன்று. அவள் கையாண்ட முறையைக் கூர்ந்து நோக்குங்கள். பொருள் புதிது; பக்குவம் பழையது. பூசணிக்கும் அவரைக்கும் வைத்திருந்த கூட்டு முறையைச் சீமைக் கத்தரிக்காய்க்கு வைத்தாள். சேனைக்கும் கருணைக்கும் உரிய வறுவலை உருளைக்கிழங்குக்கு மாற்றினாள். இரசத்தில் புளியோடு தக்காளியைச் சேர்த்தாள். கடுகு தாளித்து, மஞ்சள் இட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டவுடன் அயல்நாட்டுக் காய் நம் வீட்டுக் காய் ஆகிவிட்டது. தமிழ் இலக்கணம் பயின்ற உங்களுக்கு இது வியப்பைத் தராது. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வகுத்தார். அயலிலிருந்து வந்த சொல்லும் நம் வேற்றுமை உருபை ஏற்றவுடன் தமிழ் வாக்கியத்தில் ஒழுங்காக நின்றுவிடுகிறது. அவ்வாறே சமையலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தை நன்கு அறிந்தவளே துணிந்து புதிய சொல்லை ஏற்றாள். அடிப்படை அறியாதவன் செய்யும் புதுமை நிலைப்பதில்லை. அடிப்படையை நன்கு பயின்றவன் செய்யும் புதுமை மரபாகிவிடுகிறது. கல்வியிலும் இதுவே உண்மை.

அரண்மனைகளும் புதிய உணவை வரவேற்றன. தஞ்சையை மராட்டியர் 1676 முதல் 1855 வரை ஆண்டனர். அவருள் 1798 முதல் 1832 வரை அரசராக விளங்கிய இரண்டாம் சரபோசி, நூல்களைத் தொகுத்த பேரறிஞர். அவர் காலத்துச் சமையல் முறைகளைக் கூறும் மராட்டிச் சுவடி, 'சரபேந்திர பாகசாத்திரம்' என்ற பெயரால் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளது. அரசர் வீட்டில் சமையற்காரர் பலர், பொருளுக்குக் குறைவில்லை, ஒன்று கெட்டால் மற்றொன்று வரும். எளிய குடும்பத்தின் நிலை அதுவன்று. அங்கே ஒரு படி மாவு கெட்டால் ஓர் இரவு உணவு கெட்டது. ஆகவே எளியோர் வீட்டுப் புதுமையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அத்தகைய புதுமை விருப்பத்தால் மட்டும் வருவதில்லை. பல நேரங்களில் தட்டுப்பாட்டால் வருகிறது. இரண்டாம் உலகப் போரின்பொழுது, 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் சப்பானியர் கைப்பட்டது. சென்னை மாகாணம் பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. 1943-இல் சென்னை நகரில் பங்கீடு வந்தது. அரிசியே உணவு என்றிருந்த வீடுகளில் கோதுமை நுழைந்தது. அரிசி கிடைக்காத அந்நாளிலேயே இரவையைக் கொண்டு இட்டலி செய்யும் முறையைத் தாம் கண்டதாகப் பெங்களூர் மாவள்ளி சிற்றுண்டிச் சாலையார் கூறுவர். இராசாசி 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆயினும் தட்டுப்பாடு அத்துடன் ஒழியவில்லை. 1965-இல் தலைமையமைச்சர் லால் பகதூர் சாத்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விடுமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். 1966-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவுத் தானியம் வெளிநாடுகளிலிருந்து நம் நாட்டுக்கு இறக்குமதியாயிற்று.

அந்நாளில் நான் முதல் வகுப்பு மாணவன். பங்கீட்டுக் கடையில் கிடைத்த கோதுமையை என் தாயார் எந்திரத்தில் திரித்து, சப்பாத்தி என்று ஒன்றை முதன்முதலாகச் செய்தார்கள். யாரும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. எவரோ சொல்லக் கேட்டதே முதல். அது வறட்டியைப் போலக் கடினமாக இருந்தது. நாங்கள் பிள்ளைகள் சிரித்தோம். தந்தையார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார். எஞ்சியவற்றை அடுத்த நாள் காலையில் மோரில் ஊறவைத்துத் தாயார் தாமே உண்டார்கள். எங்களுக்குப் பழைய சோறு இருந்தது. சில வாரங்களில் அவர்கள் கை பழகிவிட்டது. வெந்நீரில் பிசைந்தால் மென்மை வரும் என்பதைத் தாமே கண்டறிந்தார்கள். பின்னர் அண்டை வீட்டார் வந்து அவர்களிடம் கற்றுச் சென்றனர்.

இதில் ஒரு நீதி இருக்கிறது. புதிய உணவு நன்றாக அமைந்தால் அதன் இன்பம் வீட்டார் அனைவருக்கும் உரியது. அமையாவிட்டால் அதன் துன்பம் சமைத்தவளுக்கு மட்டும் உரியது. எல்லாரும் உண்டபின் உண்பவள் ஆதலால், கெட்டுப்போனது எப்பொழுதும் அவள் இலையிலேயே விழுந்தது. நாட்டு மக்கள் அரிசித் தட்டுப்பாட்டைக் கடந்த வரலாற்றை எழுதும்பொழுது, கப்பல்களையும் ஒப்பந்தங்களையும் எழுதுகிறோம். இலட்சக்கணக்கான அடுக்களைகளில் பெண்கள் ஓசையின்றி ஏற்றுக்கொண்ட இந்த இழப்பை எழுதாவிட்டால், அவ்வரலாறு நிறைவுடையதாகாது.

இவ்வறிவைப் பொதுவுடைமையாக்கிய பெண்மணி ஒருவரை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். திருமதி எசு. மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது. நெடுந்தொலைவில் வாழ்ந்த உறவினர் கேட்க, அவர்களுக்குச் சமையல் முறைகளை எழுதி வந்தவர் அவர். அம்முறைகளை நூலாக்குமாறு உறவினர் ஒருவர் தூண்டினார். அதுவரை 'கண்ணளவு', 'கையளவு' என்று இருந்ததை அவர் அளவோடு எழுதினார். தாயின் அருகிலிருந்து கற்க இயலாமல், வேலையின் பொருட்டு வெளியூர் சென்ற இளங்குடும்பங்களுக்கு அந்நூல் தாயாக நின்றது. பெயரைப் பாருங்கள்: படித்துப் பார் அன்று, சமைத்துப் பார். முயன்று பார் என்பதே அதன் பொருள். பழைய சமையற் குறிப்புகளைப் படிக்க விரும்புவோர் பழைய அளவைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். 8 ஆழாக்கு கொண்டது ஒரு படி. ஒரு பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம். தாளில் எழுதிய அறிவும், அளவை மாறினால் ஊமையாகிவிடும்.

புதியது வரும்பொழுது பழையது போவதும் உண்டு. கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவை வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தோரின் அன்றாட உணவு. அங்கே நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்தினர்க்கும் உரியதாக இருந்தது. நியாயவிலைக் கடைகள் வழியாக அரிசி எங்கும் எளிதில் கிடைத்தபின், நாள்தோறும் அரிசிச் சோறு என்பது அவ்வீடுகளில் புதிய வழக்கமாகப் புகுந்தது. பசி தீர்ந்தது, அது பெரும் நன்மை. ஆனால் கம்பங்கூழைச் சொல்லவே நாணிய தலைமுறை ஒன்றும் தோன்றியது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பாட்டியின் கேழ்வரகுக் களியை இன்று பேரன் புதிய உணவு என்று கற்றுக்கொள்கிறான். ஒரு கைப்பக்குவம் ஒரு தலைமுறை இடைவெளியில் மறைந்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, நம் வீட்டில் முதன்முதல் சப்பாத்தி செய்தது எப்பொழுது, யார் கற்றுத் தந்தார், நீங்கள் சிறுவயதில் உண்டு இப்பொழுது செய்யாத பண்டம் எது என்று கேளுங்கள். ஆண்டும் ஊரும் அளவும் தவறாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். இது மாணவியர்க்கு மட்டும் உரிய வேலையன்று, மாணவர்க்கும் உரியது. எழுதியதைச் சமைத்தும் பாருங்கள். புதிய பண்டம் ஒன்று உங்கள் வீட்டு இரவு உணவில் வருமாயின், சமைத்தவரையும் உடன் அமரச் சொல்லுங்கள். அது நன்றாக அமையாவிட்டால், சமைத்தவருக்கு மட்டும் அதனை விட்டுச் செல்லாமல், எல்லாரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.