எல்லை கடக்கும் ஈமம்: நெறியும் சட்டமும்

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற பாறையைத் தமிழ்ச் சமணர் நன்கறிவர். அக்குன்றில்தான் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளது. எழுத்தமைதி கொண்டு அதனை ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கருதுவர். பிற்காலத்தில் 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரரின் நிசீதிகையும் அங்கேயே பொறிக்கப்பெற்றது. இக்கல்வெட்டுகள் நோற்றவர் பெயரையும் நோன்பின் நாளளவையும் உரைக்கின்றன. உடல் என்னவாயிற்று என்பது குறித்து ஒரு சொல்லும் கூறவில்லை.

இம்மௌனத்திற்குச் சமண நெறியில் காரணம் உண்டு. உயிர் வேறு, உடல் வேறு. உடலை விட்ட உயிர் மிகக் குறுகிய காலத்திலேயே தன் வினைக்கேற்ற அடுத்த பிறவியை அடைந்துவிடுகிறது. ஆகவே, இறந்தோர்க்குப் பிண்டமிட்டு நற்கதி சேர்க்கும் கொள்கை ஜினாகமத்தில் இடம்பெறவில்லை. சாம்பலைக் குறிப்பிட்ட ஓர் ஆற்றிற் கரைத்தாலன்றிக் கதியில்லை என்ற கட்டாயமும் இல்லை. உயிர் நீங்கிய உடலில் ஒரு முகூர்த்தத்திற்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள், நுண்ணிய சம்மூர்ச்சன உயிர்கள் தோன்றத் தொடங்கும் என்பது ஆகமக் கொள்கை. எனவே எரியூட்டலைக் காலந்தாழ்த்துவது ஹிம்சையைப் பெருக்குவதாகும் எனச் சான்றோர் கருதினர்.

சொந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே மறைந்த காலத்தில் இந்நெறியைக் கடைப்பிடித்தல் எளிதாயிருந்தது. கடல் கடந்து வாழத் தலைப்பட்டபோது, இறப்பு சட்டத்தின் எல்லைக்குள் வந்தது.

இதற்கு ஒரு தொடக்கக்கால எடுத்துக்காட்டு, சமணர் மிகுதியாக வாழும் கோலாப்பூரின் மன்னர் இராஜாராமின் மறைவாகும். இங்கிலாந்து சென்று தாயகம் திரும்பும் வழியில், 1870 நவம்பர் 30 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது இருபதளவே. கிறித்தவ வழக்கப்படி உடலைப் புதைப்பதே அந்நாட்டு முறை. எனினும் நகர நிர்வாகத்தின் தனி இசைவு பெற்று, ஆர்னோ ஆற்றங்கரையில் அவருடலுக்கு எரியூட்டப்பட்டது. 1874இல் அவ்விடத்தில் நினைவுமண்டபமும் எழுந்தது. பின்னர் அருகில் கட்டப்பட்ட பாலம் இன்றும் 'இந்தியர் பாலம்' என்றே வழங்குகிறது.

இங்கிலாந்தில் எரியூட்டல் நீண்ட காலம் ஐயத்திற்குரியதாகவே இருந்தது. 1884இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் வில்லியம் பிரைஸ், தம் கைக்குழந்தையின் உடலை எரிக்க முயன்றதற்காக வழக்கை எதிர்கொண்டார். பொதுமக்களுக்குத் தொல்லை விளையாதவரை உடலை எரித்தல் குற்றமன்று என நீதிபதி ஸ்டீபன் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே வோக்கிங் நகரில் தகனக்கூடம் செயற்படத் தொடங்கியது. 1902இல் தகனச் சட்டமும் நிறைவேறியது. நஞ்சூட்டிக் கொன்றவர்கள் தடயத்தை நெருப்பில் மறைத்துவிடக்கூடும் என்ற அச்சம் அக்காலத்தே வலுவாக இருந்தது. அதனாலேயே இரு மருத்துவர்களின் சான்றிதழ்கள் கட்டாயமாக்கப்பட்டன.

முதல் உலகப் போரில் காயமுற்று பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்திய வீரர்களுள் இந்துக்களும் சீக்கியருமான 53 பேருக்கு, நகரை அடுத்த பேட்சம் குன்றுவெளியில் திறந்த ஈமவிறகில் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் வெண்சலவைக்கல்லால் அமைந்த 'சத்ரி' நினைவுச்சின்னம் 1921 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பெற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2010இல், திறந்த ஈமவிறகு குறித்த வழக்கொன்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு வந்தது. கட்டடம் என்று கொள்ளத்தக்க ஓர் அமைப்பினுள், விறகும் இயற்கை நெருப்பும் கொண்டு எரியூட்டச் சட்டம் இடந்தருகிறது என அந்நீதிமன்றம் விளக்கமளித்தது.

உடலை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதற்கான விதிகள் இவற்றினும் வேறானவை. 1937இல் பெர்லினில் பல நாடுகள் செய்துகொண்ட உடன்பாடு, இறந்தவரின் பெயர், வயது, இறந்த இடம், நாள், காரணம் ஆகியவை குறித்த தனிக் கடவுச்சீட்டு உடலுடன் செல்லவேண்டும் என்றது. நீர் கசியாத பெட்டியும் கட்டாயமாயிற்று. பிளேக், காலரா, பெரியம்மை போன்ற நோய்களால் இறந்தோர் உடலை ஓராண்டு கழியுமுன் எல்லை கடத்தலாகாது எனவும் விதித்தது. 1973இல் ஐரோப்பிய நாடுகள் ஸ்ட்ராஸ்பர்க் உடன்பாட்டின் வழியே இவ்விதிகளைத் திருத்தியமைத்தன. அவ்வுடன்பாடு, எரித்த சாம்பலுக்கு இவ்விதிகள் பொருந்தா எனத் தெளிவாகவே கூறுகிறது. சாம்பலால் நோய் பரவும் அச்சமில்லை என்பதே இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் இந்திய வானூர்தி (பொதுச் சுகாதார) விதிகள் இதனை ஒழுங்குபடுத்துகின்றன. உள்நாட்டு இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, பெட்டி முத்திரையிடப்பட்டதற்கான சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, நீக்கம் செய்யப்பட்ட கடவுச்சீட்டு ஆகியன பொதுவாகத் தேவைப்படுகின்றன. இவையனைத்தும் கைகூடச் சில நாட்கள் ஆகும். ஐயத்திற்குரிய இறப்பாயின் காலம் மேலும் நீளும். இரசாயனங்களைச் செலுத்திப் பதப்படுத்தாமல் உடல் பயணப்படுவதும் அரிது.

இங்கேதான் சமணக் குடும்பங்களுக்கு ஓர் உண்மையான இடர்ப்பாடு எழுகிறது. பெற்ற பிள்ளையின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணவேண்டும் என்ற தாயின் ஏக்கம் ஒருபுறம். விரைந்து எரியூட்டுக என்னும் நெறி மறுபுறம். முன்னதை அறியாமை என்று ஒதுக்குதல் கருணையாகாது. ஆயினும் அயல்நாட்டிலேயே எரியூட்டுவதால் மறைந்தவரின் கதிக்கு ஏதும் குறை நேர்ந்துவிடும் என்ற அச்சத்திற்கு ஆகமத்தில் இடமில்லை. அச்சத்தால் அன்றி, இருப்போரின் மனநிலையையும் நிலைமையையும் எண்ணியே இம்முடிவு எடுக்கப்படவேண்டும். வெளிநாடு செல்வோர் தம் விருப்பத்தை முன்னரே எழுதிவைப்பின், துயர்ப்பொழுதில் உறவினர் ஒருவரோடொருவர் முரண்படும் நிலை ஏற்படாது.

எவ்வழியைத் தேர்ந்தாலும் பதிவை மறத்தலாகாது. அயல்நாட்டில் மறையும் இந்தியக் குடிமக்களின் இறப்பைத் தூதரகத்தின் வாயிலாகப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வழிவகை செய்துள்ளது. வாரிசுரிமை, காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்திற்கும் சான்றிதழே ஆதாரமாகும். திருநாதர்குன்றின் கல்லில் பெயரையும் நோன்பையும் பொறித்துவைத்த முன்னோர், எதனைக் காக்க வேண்டும், எதனை விட்டுவிடலாம் என்பதில் தெளிவுடன் இருந்தனர். அத்தெளிவு கடல் கடந்து வாழும் தலைமுறைக்கும் துணைநிற்கும்.