அன்னபூரணி கடந்த கடல்

பெங்களூரில் தொம்மலூரை அண்டி வாழும் நம்மவர்க்குக் கடல் எட்டாத் தொலைவில் உள்ளது. ஆயினும் இவ்வூரைப் பழைய கல்வெட்டு, 'தேசிமாணிக்கப் பட்டணம்' என்றும் அழைக்கின்றது. தேசிகள் என்போர் நாடு கடந்து வாணிகம் நடத்திய வணிகக் குழுவினர். அத்தகையோரின் சரக்கைச் சுமந்த மரக்கலங்களைக் கட்டும் மரபு சென்ற நூற்றாண்டிலும் தமிழரிடையே அற்றுப்போகவில்லை. அதற்குச் சான்றான ஒரு கப்பலின் வரலாற்றை இன்று காண்போம்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ளது வல்வெட்டித்துறை. அவ்வூர்க் கப்பல்கள் நாகப்பட்டினம் முதலிய துறைகளுக்கும் பர்மாவிற்கும் சென்று சரக்கேற்றி வந்தன. 1930-ஆம் ஆண்டில் அங்கே கட்டப்பெற்றது 'அன்னபூரணி'. நீளம் 89 அடி, பாய்மரங்கள் இரண்டு, மரம் பெரும்பாலும் வேம்பு.

இவ்வகைக் கப்பல்களின் பண்பைச் சற்றே அறிதல் வேண்டும். மிதக்கும் கலம் எதுவும் தன் எடைக்கு ஈடான நீரை விலக்குகின்றது. பருத்த அடிமரமும் தடித்த பலகையும் அகன்ற வயிறும் உடைய கலம் மிகுந்த நீரை விலக்கி, ஆழ அமர்கின்றது. ஆதலால் ஒவ்வோர் அலைக்கும் துள்ளுவதில்லை, மாலுமிகளை அலைக்கழிப்பதில்லை. பல மாதத்திற்கான உணவையும் நன்னீரையும் ஏற்றினாலும் தளர்வதில்லை. மென்காற்றில் மெல்லச் செல்வதே அதன் குறை. நெடுங்கடலிலோ விரைவினும் நிலைபேறே பெரிது.

இதனை நன்கறிந்தவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை, 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். அவரே அன்னபூரணியை விலைக்கு வாங்கி, தம் துணைவியாரின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் அதில் சென்றனர். சூயசு, மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்த அக்கப்பல், 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் மாசசூசெட்சின் கிளாஸ்டர் துறையை அடைந்தது.

கரையில் நின்றோர் கண்டது புதுப் பெயரை. ஆனால் அட்லாண்டிக்கைத் தாங்கியவை, நம் தச்சர் செதுக்கிய வேப்பம் பலகைகளும், நம் மாலுமிகள் பிடித்த கயிறுகளுமே.

பிற மாநிலங்களில் வாழும் நம் இளஞ்சிறார், கப்பல் என்றால் மேனாட்டார் பெயர்களையே பள்ளியில் கற்கின்றனர். அவற்றைக் கற்கட்டும். மாலைப்பொழுதில் அருகே அமர்த்தி, அன்னபூரணி என்னும் பெயரையும் அவர்கட்கு நாம் சொல்வோமாக.