91ஆம் இலக்கத் தாங்கி

தாங்கி மாடல் செய்வோம் என்று முடிவெடுத்தபோது எங்களில் பாதிப்பேர் நினைத்தது யுத்த தாங்கியை. ஷெர்மன், டைகர் என்று படமெல்லாம் இறக்கிவிட்டோம். "அது எங்கட ஊருக்கு எதுக்கு? சீனக்குடாக் காட்டுக்குள்ள 99 எண்ணெய்த் தாங்கி நிக்குதே" என்றாள் ஒருத்தி. அதோட பேச்சு முடிஞ்சுது.

நிலக்கரியில் ஓடிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியதால் வந்தவை இவை. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழ, திருகோணமலையின் பெறுமதி கூடியது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி காலை எங்கள் துறைமுகம். சீனக்குடாவில் 91ஆம் இலக்கத் தாங்கி எரிந்தது. ஜப்பானிய விமானமொன்று நேரே போய் மோதியது என்பது ஊர்க்கதை. முந்தின இரவு துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள்.

மாடலுக்கு 1:300 என்று அளவு வைத்தோம். குழந்தைப் பால்மா டின்னைக் கட்டையாக வெட்டி, ஒரு பக்கத்தை உள்ளே நெளித்தோம். உருகித் தொங்கும் தகட்டுக்கு அலுமினியத் தாள். கபில நிறம் பூசி, ஈரத்தில் உப்புத் தூவி, மேலே சாம்பல் நிறம் அடித்தோம். காய்ந்ததும் உப்பை உரசிவிட, அந்த இடமெல்லாம் அசல் துரு! காட்டுக்குப் பச்சை பூசிய ஸ்பொஞ்சுத் துண்டுகள். கம்பியில் விரல் நீளச் சிறகுடன் ஒரு விமானம், பாய்கிற மாதிரி. சினிமாப் போஸ்டர் தோற்றுப்போகும் என்று நினைத்தோம்.

எங்களில் ஒருவனின் அம்மம்மா வந்து பார்த்தா. "குண்டு விழேக்க என்ர அம்மா கைக்குழந்தையோட காட்டுக்குள்ள ஓடினவ. அவவ எங்க வைச்சிருக்கிறியள்?"

ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. வெடிப்பையும் விமானத்தையும் பற்றி இரவிரவாகக் கதைத்த நாங்கள், கீழே நின்ற ஆக்களை நினைக்கவேயில்லை. 1:300இல் ஒரு ஆள் அரை சென்ரிமீட்டர்தான், ஒரு அரிசி மணி. அதனால் அரிசி மணிகளுக்கே வர்ணம் பூசி, காட்டோரப் பாதையில் ஒட்டினோம். ஒன்றின் பக்கத்தில் உடைந்த குறுணி ஒன்று. அது பிள்ளை. விமானத்தைக் கழற்றிவிட்டோம்.

1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தக் கடிதங்களிலும் இந்தத் தாங்கிகள் வந்தன. 2022 ஜனவரியில் 14, 24, 61 என்று பிரித்தும் கையெழுத்திட்டார்கள். தாங்கிகளை எண்ண எப்பவும் ஆள் இருக்கு. அந்தக் காலையில் ஓடியவர்களை யார் எண்ணுவது?

மாடலைப் பார்க்க வருபவர்கள் இப்போதும் முதலில் தாங்கியைத்தான் பார்க்கிறார்கள். "கொஞ்சம் குனிஞ்சு பாருங்கோ" என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கு.