மட்டாஞ்சேரியில் மார்கழியும் கிறிஸ்துமஸ் வாரமும்

சென்ற ஆண்டு டிசம்பர்த் திங்களில் நம் குடியிருப்பில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. சிறுமி ஒருத்தி, பள்ளித் தோழியர் வீடுகளிற் கண்டவாறே, தன் வீட்டு வாயிலிலும் காகித நட்சத்திரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். அதற்கு நேர் கீழே அவளுடைய அன்னை இட்ட மார்கழிக் கோலமும், நடுவே பூசணிப் பூவும் இருந்தன. அவ்வழியே சென்ற பெரியவர் ஒருவர் நின்று நோக்கினார். "இது நம்மவர் வழக்கமன்று, பிழைக்க வந்த ஊரில் இருப்பதையும் இழந்துவிடலாகாது" என்று கடிந்துரைத்தார். நட்சத்திரம் இறங்கிற்று. சிறுமி அன்றிரவு உணவு கொள்ளவில்லை என்று கேள்வியுற்றோம்.

பெரியவர்மீது நமக்குக் குறையில்லை. ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பிப்பவர் அவரே. இங்குப் பிறந்த குழந்தைகள் தமிழ் அகரம் எழுதுமுன் மலையாள அகரம் எழுதுவதைக் கண்டு அவர் படும் வருத்தமே அச்சொல்லாக வெளிப்பட்டது. ஆயினும், 'நம்மவர் வழக்கமன்று' என்பது எவ்வளவு தூரம் உண்மை என்று அறிய விழைந்தோம். மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்கவே, இதனையே எழுதத் துணிந்தோம்.

கொச்சிக்கும் இவ்வாரத்திற்கும் உள்ள உறவு மிகப் பழையது. கோழிக்கோட்டிற் பூசல் விளைத்து, அங்கிருந்து நீங்கிய போர்த்துகீசியத் தலைவர் கப்ரால் தம் கப்பல்களோடு கொச்சித் துறையை அடைந்தது 1500-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மேலாட்சியை விரும்பாத கொச்சி மன்னர் அவரை வரவேற்று, மிளகு ஏற்றிக்கொள்ள இசைந்தார். மறுநாள் கிறிஸ்துமஸ். மூன்றாண்டு கழித்து, 1503-இல், கோட்டையும் அதனுள் மரத்தாலான ஒரு கோவிலும் எழுந்தன. பின்னர்க் கல்லால் கட்டப்பெற்று இன்று புனித பிரான்சிஸ் ஆலயம் என வழங்குவது அதன் வழிவந்ததே. அரசப் பிரதிநிதியாக மூன்றாம் முறை வந்த வாஸ்கோ ட காமா, வந்த சில திங்களிலேயே நோயுற்று, இக்கொச்சியில் உயிர் நீத்ததும் ஒரு டிசம்பர் 24-ஆம் நாளே, ஆண்டு 1524. அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்தனர். 1539-இல் எலும்புகளைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றுவிட்டனர். கல்லறை மட்டும் இருக்கின்றது. நம் வீடுகளுக்கு வரும் விருந்தினர் அனைவரையும் நாம் அழைத்துச் சென்று காட்டும் இடம் அதுவேயன்றோ!

வந்தவர்கள் மிளகைக் கொண்டுபோனார்கள், சொற்களை விட்டுப்போனார்கள். சாவி, சன்னல், மேசை, அலமாரி, பாதிரி என நாம் நாள்தோறும் வழங்குவன அவர்கள் மொழியினின்று வந்தவை. சன்னலில் நட்சத்திரம் கட்டலாகாது எனினும், சன்னல் என்று சொல்லாமல் நம் இல்லத்தரசிகள் ஒரு நாளும் கழிக்கவியலாது.

நிற்க. தமிழுக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். 1535-ஐ ஒட்டி, தூத்துக்குடிக் கடற்கரையின் முத்துக்குளிக்கும் பரதவர், பகைவரால் இடருற்று, போர்த்துகீசியரின் காவலை வேண்டிக் கொச்சிக்குத் தூது வந்தனர். கிறிஸ்தவ சமயத்தை ஏற்றனர். அதன் பயனாக முத்துக்குளித்துறைக்கும் கொச்சிக்கும் இடையே கப்பலும் கடிதமும் பாதிரிமாரும் ஓயாது போய்வந்தனர். அவர்களுள் ஒருவர் அண்டிரிக் பாதிரியார். முத்துக்குளித்துறையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்து, தமிழைக் கசடறக் கற்று, மக்கள் பேசும் நடையிலேயே நூல் எழுதியவர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த நூலாகிய 'கிரிசித்தியானி வணக்கம்' எங்கே அச்சாயிற்று தெரியுமா? நம் கொச்சியில்! 1579-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள். இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கும் அத்தமிழ் நூல், நாம் மீன் வாங்கச் செல்லும் இக்கடற்கரையின் பக்கத்தில் ஈயத்தில் வார்த்த எழுத்தால் பதிக்கப்பெற்றது என்று எண்ணும்போது மெய் சிலிர்க்கின்றது. அந்நாளிலிருந்து நாற்பத்தோராம் நாள் கிறிஸ்துமஸ். அன்று இவ்வூரில் எவர் வீட்டிலேனும் அச்சிட்ட தாளில் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்களாயின், அத்தகைய பேறு அன்று தஞ்சைக்கும் மதுரைக்கும் கிட்டியதில்லை.

அடுத்ததும் ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தைச் சார்ந்ததே. 1652-இல் மேற்காசியாவினின்று அகத்தல்லா என்னும் ஆயர் ஒருவர் நம் மயிலாப்பூரில் வந்து இறங்கினார். போர்த்துகீசியர் அவரைத் தடுத்து வைத்தனர். புனித தோமையாரின் கல்லறையை வணங்க மலையாள நாட்டிலிருந்து சென்றிருந்த சிலர் அவரைக் கண்டு, அவர் தந்த கடிதத்தைக் கொண்டுவந்து ஊரிற் பரப்பினர். அவரை ஏற்றிக் கோவைக்குச் செல்லும் கப்பல் கொச்சி வழியே வருகின்றது என்ற செய்தி எட்டவே, சிரியன் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் மட்டாஞ்சேரியில் திரண்டனர். ஆயரைக் காட்டவும் மறுத்தனர் கோட்டையார். கடலில் மூழ்கடித்துவிட்டனர் என்ற வதந்தியும் கிளம்பிற்று. 1653 ஜனவரி 3-ஆம் நாள், வெளியே நின்ற கற்சிலுவை ஒன்றில் கயிறு கட்டி, கூட்டத்தார் அனைவரும் அக்கயிற்றைப் பற்றிக்கொண்டு, இயேசு சபைப் பாதிரிமாருக்கு இனி அடங்கோம் என்று ஆணையிட்டனர். கூனன் குரிசு ஆணை என வழங்குவது இதுவே. பல சபைகளாக இன்று பிரிந்து நிற்கும் கேரளக் கிறிஸ்தவர் வரலாற்றில் முதற் பிளவு அன்று நேர்ந்தது. (மேலே கூறிய கோவை கோயம்புத்தூர் அன்று, கோவா. அந்நாளைய தமிழ் நூல்களில் அவ்வாறே எழுதினர்.)

பத்தாண்டளவில் போர்த்துகீசியர் காலமும் முடிந்தது. 1662-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் கொச்சிக் கோட்டையில் முற்றுகையின் நடுவே கழிந்தது. வெளியே டச்சுப் படை. மறு ஜனவரியின் முதல் வாரம் கடந்ததும் கோட்டை அவர்கள் வசமாயிற்று. கத்தோலிக்கக் கோவில்கள் பல இடிந்தன. சாந்தாகுரூஸ் பேராலயம் ஆயுதக் கிடங்காயிற்று. பின்னர் 1795-இல் வந்த ஆங்கிலேயர் அதனையும் இடித்தனர். இன்று நாம் காணும் பேராலயம் 1887-இல் தொடங்கி 1905-இல் நிறைவெய்திய புதுக் கட்டடம்.

டச்சுக்காரர் விட்டுச் சென்றவற்றுள் வரலாற்று நூலார் எழுதாத ஒன்று உண்டு, அது தின்பண்டம். முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் புளிக்கவைத்து, நடுவே துளையுள்ள அச்சில் சுட்டெடுக்கும் 'புரூடர்' என்னும் இனிப்பு ரொட்டி, கோட்டைக்கொச்சியின் கலப்பினக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் காலைக்கு இன்றியமையாதது. இலங்கையிற் பறங்கியர் வீடுகளிலும் அதே காலையில் அதே ரொட்டி உண்டு.

அவர்களால் வந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் தமிழரும் இங்கு உளர். கோட்டைக்கொச்சியில் 'வெளி' என்னுமிடத்தில் வாழும் வண்ணார் குலத்தார், டச்சுப் படைவீரர் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் தமிழ்நாட்டினின்று அழைத்துவரப்பட்டனர் என்பர். வீட்டில் இன்றும் தமிழே பேசுவர். அங்குள்ள தோபி கானாவில் இரட்டைக் கயிற்றை முறுக்கி, அம்முறுக்கினிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்துவதைக் கண்டிருப்பீர்கள், பிடிப்பானே வேண்டுவதில்லை. கிறிஸ்துமஸ் வாரம் அவர்களுக்கு ஓய்வில்லாத வாரம். நள்ளிரவுப் பூசைக்கு உடுத்தும் வெள்ளாடையும் திருநாள் மேசை விரிப்பும் கஞ்சி தோய்ந்து, கரிப்பெட்டியால் மடிப்பு விழுந்து, 24-ஆம் நாள் மாலைக்குள் வீடு சேர வேண்டும். 'பிழைக்க வந்த' தமிழர் என நம்மை நாம் கூறிக்கொள்கின்றோம். அவர்களை எங்ஙனம் கூறுவது?

இனி இவ்வூர் இல்லங்களுக்குள் செல்வோம். சிரியன் கிறிஸ்தவர் டிசம்பர் முதல் நாள் தொட்டு இருபத்தைந்து நாள் புலால் நீக்கி நோன்பிருப்பர். நம்மவரோ மார்கழி பிறந்தவுடன் வைகறையில் எழுந்து நீராடுவர். ஐயப்பன்மார் நாற்பத்தொரு நாள் மண்டல விரதம் காப்பர். அதன் நிறைவாகிய மண்டல பூசை கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஓரிரு நாளில் வரும். ஆகவே ஒரே தெருவில் மூன்று வீட்டார் மூன்று தெய்வங்களுக்காக ஒரே காலத்தில் நாவை அடக்கியிருப்பதைக் காணலாம். மீன்காரர் படும் பாடுதான் இரங்கத்தக்கது! நாம் பணியாற்றும் புகைவண்டி நிலையத்தில் இவ்வாரம் நிற்கும் வரிசையும் ஒரு காட்சி. கறுப்பு வேட்டியுடன் சபரிமலைக்குச் செல்லும் தமிழ்நாட்டார், பத்து நாள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர், கேக் பெட்டியை மடியில் வைத்துக் காக்கும் முதியோர் என அனைவரும் ஒரே சன்னலுக்கு முன்னே நிற்பர்.

யூதத் தெருவில், 1568-இல் எழுந்த பரதேசிப் பள்ளியைச் சுற்றியிருந்த வீடுகளில், ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாளும் சில ஆண்டுகளில் இவ்வாரத்திலேயே வந்ததுண்டு. விளக்கேற்றிய குடும்பங்களுட் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டன.

24-ஆம் நாள் இரவு நோன்பு முடியும். புல்வேய்ந்த குடிலில் பாலன் உருவை வைப்பர். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து ஆப்பமும் இஷ்டுவும், ஆப்பத்திற்குக் கோழியோ வாத்தோ எனக் குடும்பத்திற்கு ஒரு வழக்கும். அச்சப்பம் என அவர்கள் நமக்குத் தட்டில் வைத்து அனுப்புவது, நம் வீட்டு அச்சு முறுக்கேயன்றி வேறன்று. திருநெல்வேலிக் கிறிஸ்தவர் வீடுகளிலும் இதே திருநாளுக்கு அதனைச் சுடுவர். திருவாதிரைக்கு நாம் களி செய்து அவர்களுக்கு அனுப்புவோம். அதே நாளில் மலையாள மகளிர் கைகொட்டி ஆடுவர். டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவில் பப்பாஞ்ஞி என்னும் கிழவன் உருவை எரித்து ஆண்டை வழியனுப்புவதையும் நம் பிள்ளைகள் அறிவார்கள்.

இவை யாவற்றினும் நாம் முதன்மையாகக் கூற விழைவது சவிட்டு நாடகம் பற்றியே. இலத்தீன் கத்தோலிக்க மீனவரும் தொழிலாளரும் திருநாட் காலங்களில் ஆடுவது. ஐரோப்பிய அரசரைப்போல் முடியும் சட்டையும் அணிந்து, பலகை மேடை அதிரக் கால்களால் மிதித்து ஆடுவர். சார்லிமேன் மன்னன் கதையாகிய காறல்மான் நாடகம் அவற்றுட் பெயர் பெற்றது. அதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. பெயரே கூறுகின்றது, அவர் தமிழர் என்று! பாட்டும் உரையும் மலையாளம் விரவிய தமிழ். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பயிற்றுவோரை அண்ணாவியார் என்றே அழைப்பர். நம் தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனும் இம்மேடையில் வருகின்றான். சபீனா ராபி அம்மையார் 1964-இல் இக்கலை குறித்து மலையாளத்தில் தனி நூலே எழுதினார். தமிழ் நூற்களில் இதற்கு நாலு வரி கிடைப்பதே அரிது. ஈது நம் குறை.

நட்சத்திர வழக்கு நடந்த அதே வாரத்தின் இறுதியில், கடலோரக் கோவில் முற்றமொன்றில் இந்நாடகம் நடைபெறுவதறிந்து, அப்பெரியவரையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். முதற் கால் நாழிகை முகத்தைத் திருப்பிக்கொண்டே அமர்ந்திருந்தார். பின்னர்ச் செவி சாய்த்தார். பின்னர் நம் தோளைப் பற்றி, "ஐயா, இது தமிழல்லவா!" என்றார். படைத்தலைவனாக வந்த இளைஞன் குதிரையேறிப் பாய்வதுபோல மேடையைச் சுற்றி மிதித்து, 'புரவி' என்ற சொல்லைப் பாடலில் நீட்டி முழக்கினான்.

ஆட்டம் முடிந்தபின் ஆசானைக் கண்டோம். எழுபது வயதிருக்கும்; தோணித் தொழில் செய்தவர். "புரவி என்றால் என்ன பொருள் என்று அறிவீர்களா ஆசானே?" என்று பெரியவர் வினவினார். அவர் சிரித்து, "பொருள் தெரியாது சாரே. என் ஆசான் சொல்லித் தந்தார். நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அவ்விடம் வரும்போது இப்படி மிதிக்க வேண்டும், அதுதான் தெரியும்" என்றார். கால்கள் அறிந்ததை நா அறியவில்லை. பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "குதிரை" என்றார். ஆசான் அச்சொல்லைத் தமக்குள் இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தார். மலையாள எழுத்தில் பாடல்கள். இடையிடையே கோடிட்ட சொற்கள். கோடிட்டவை யாவும் பொருள் தெரியாதவையாம்.

அதுமுதல் ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்தபின் ஆசான் நம் குடியிருப்பிற்கு வருகின்றார். பெரியவர் பொருள் சொல்ல, மலையாளம் நன்கு எழுதத் தெரிந்த அச்சிறுமி சொல்லுக்கு நேரே எழுதுகின்றாள். நட்சத்திரத்தைப் பற்றிய தம் கருத்தைப் பெரியவர் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரை நாம் வினவவுமில்லை. குறிப்பேட்டில் பாதிக்கு மேல் முடிந்திருக்கின்றது.